ஃப்ளூ தடுப்பூசி: எதற்கு நம்பலாம், எதற்கு நம்பக்கூடாது

"ஊசி போட்டும் சளி பிடித்தது." ஃப்ளூ தடுப்பூசியைப் பற்றி அதிகம் எழும் புகார் இதுதான். சளி பிடித்தது உண்மையாகவே இருக்கும். ஆனால் அந்தச் சளிக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமில்லை. மூக்கொழுகலையும் தொண்டைக் கரகரப்பையும் தரும் வைரஸ்கள் இருநூறுக்கு மேல் உண்டு. இந்த மருந்து அவற்றில் இன்ஃப்ளுயன்சாவுக்காக, அதாவது ஃப்ளூவுக்காக, மட்டும் செய்யப்படுவது. சளிக்கு எதிரான கவசம் என்று நினைத்துப் போட்டுக்கொள்பவருக்கு ஏமாற்றம் நிச்சயம்.

இன்ஃப்ளுயன்சா வேறு மாதிரியான நோய். காலையில் நன்றாக இருந்தவர் மாலைக்குள் படுக்கையில் விழுவார். 39 டிகிரி செல்சியஸுக்குக் காய்ச்சல், முதுகும் தொடையும் அடித்துப் போட்டது போன்ற வலி, வறட்டு இருமல், ஒரு வாரம் கழிந்தும் விடாத சோர்வு. ஆண்டுதோறும் உலகில் 30 முதல் 50 லட்சம் பேருக்கு இது கடுமையாகிறது என்றும், 2,90,000 முதல் 6,50,000 பேர் இதனால் வரும் மூச்சுக் கோளாறில் இறக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. தடுப்பூசியின் மதிப்பை இந்தக் கணக்கோடு வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். 65 வயதைக் கடந்தவர்கள், கர்ப்பிணிகள், 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகள், இதயம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரை என்று ஏதாவது ஒரு நீண்டகாலக் கோளாறு உள்ளவர்கள், இவர்களோடு ஒரே வீட்டில் இருப்பவர்கள், நோயாளிகளைக் கவனிக்கும் பணியாளர்கள் ஆகியோர் யோசிக்காமல் ஆண்டுதோறும் போட்டுக்கொள்ளலாம். ஆரோக்கியமான இளம் வயதினருக்கு நன்மை சிறியது. ஆபத்து அதைவிடச் சிறியது. அவர்களுக்கும் போட்டுக்கொள்வதே நல்லது என்பது என் கருத்து, ஆனால் அங்கே அவசரம் குறைவு.

பெட்டிக்குள் இருப்பது

வழக்கமான ஊசியின் அளவு 0.5 மி.லி. அதில் வைரஸின் மேற்பரப்பில் முள் போல நிற்கும் ஹீமாக்ளுட்டினின் என்ற புரதம், ஒவ்வொரு வகை வைரஸிலிருந்தும் 15 மைக்ரோகிராம் இருக்கும். வைரஸைக் கோழி முட்டையில் வளர்த்து, கொன்று, துண்டாக்கி, சுத்திகரித்து எடுப்பது இது. உயிருள்ள வைரஸ் இதில் இல்லை. ஆகவே ஊசியால் ஃப்ளூ வராது. வரவே முடியாது.

பெட்டியில் அல்லது உள்ளே இருக்கும் தாளில் ‘ஏ/டார்வின்/9/2021 (எச்3என்2)’ என்பது போன்ற பெயர்கள் அச்சாகியிருக்கும். படிக்கத் தெரிந்தால் பயனுள்ள வரி அது: வைரஸின் வகை, முதலில் பிரித்தெடுத்த ஊர், ஆய்வக எண், ஆண்டு, கடைசியில் துணைவகை. இதோடு எச்1என்1 ஒன்றும், பி/விக்டோரியா வகை ஒன்றும் சேர்ந்து மூன்று.

சில ஆண்டுகளுக்கு முன்வரை நான்காவதாக பி/யமகாட்டா வகையும் இருந்தது. அந்த வைரஸ் 2020 மார்ச்சுக்குப் பிறகு மனிதர்களிடையே பரவுவதாக உறுதியாகக் கண்டறியப்படவில்லை. இனி அதைச் சேர்க்கத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 செப்டம்பரில் சொல்லிவிட்டது. எனவே ‘நான்கு வகை’ என்று அச்சடித்த பெட்டி ‘மூன்று வகை’ பெட்டியைவிட உயர்ந்தது என்று யாராவது சொன்னால் அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். நான்காவது பகுதி காக்க வேண்டிய எதிரியே இப்போது களத்தில் இல்லை.

எந்த வைரஸ்களைச் சேர்ப்பது என்பதை உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடி முடிவு செய்கிறது: வட அரைக்கோளத்துக்குப் பிப்ரவரியில், தென் அரைக்கோளத்துக்குச் செப்டம்பரில். அதன்பின் உற்பத்திக்குச் சுமார் ஆறு மாதம் ஆகும். இந்த இடைவெளிதான் இந்த மருந்தின் அடிப்படைப் பலவீனம். பிப்ரவரியில் தேர்ந்தெடுத்த வைரஸ் அடுத்த குளிர்காலம் வருவதற்குள் உருமாறிவிட்டால், தொழிற்சாலையைத் திருப்ப நேரமில்லை.

எவ்வளவு வேலை செய்கிறது

பொருத்தம் நன்றாக அமைந்த பருவங்களில், மருத்துவரிடம் போகும் அளவுக்கு ஃப்ளூ வருவதை இது 40 முதல் 60 சதவீதம் குறைக்கிறது. மோசமான பருவங்களும் உண்டு. அமெரிக்காவில் 2010-11 பருவத்தில் 60 சதவீதமாக இருந்த பலன், எச்3என்2 உருமாறிப் பரவிய 2014-15இல் 19 சதவீதத்துக்கு இறங்கியது. 2004-05இல் வெறும் 10 சதவீதம்.

40 சதவீதம் என்றால் ‘போட்டவர்களில் 60 சதவீதம் பேருக்கு ஃப்ளூ வரும்’ என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். அது தவறு. போடாதவர்களிடையே 100 பேருக்கு ஃப்ளூ வரும் சூழலில், அதே எண்ணிக்கையில் போட்டவர்களிடையே 60 பேருக்கு வரும் என்பதே பொருள். பெரும்பாலானோருக்கு, போட்டாலும் போடாவிட்டாலும், அந்த ஆண்டு ஃப்ளூ வராது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதை இன்னும் நேரடியாகச் சொல்கிறது: ஆரோக்கியமான பெரியவர்களில் ஒரு பருவத்தில் ஃப்ளூ வருவது 2.3 சதவீதத்திலிருந்து 0.9 சதவீதமாகக் குறைகிறது. அதாவது ஒருவருக்கு நோயைத் தவிர்க்க 71 பேர் போட்டுக்கொள்ள வேண்டும். முதியவர்களில் 6 சதவீதம் 2.4 ஆகிறது; அங்கே 30 பேர் போதும். இந்த எண்களைப் பார்த்து ‘இவ்வளவுதானா’ என்று கேட்பவரிடம் நியாயம் இருக்கிறது. விளம்பரம் தரும் எதிர்பார்ப்பைவிட இது குறைவுதான்.

ஆனால் நோய் வந்ததா இல்லையா என்பதோடு கணக்கு முடியவில்லை. போட்டும் ஃப்ளூ வந்து மருத்துவமனையில் சேர்ந்த பெரியவர்களுக்கு, போடாமல் சேர்ந்தவர்களைவிட, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போக நேர்வது 26 சதவீதமும் இறப்பு 31 சதவீதமும் குறைவாக இருந்தன என்று ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

இதயம் பற்றிய தரவு இதைவிட அழுத்தமானது, ஆனால் பலருக்குத் தெரியாதது. ஆய்வகத்தில் ஃப்ளூ உறுதியான முதல் ஏழு நாட்களில் மாரடைப்பு வருவது வழக்கத்தைவிடச் சுமார் ஆறு மடங்கு அதிகம் என்று 2018இல் வெளியான கனடிய ஆய்வு காட்டியது. காய்ச்சலும் அழற்சியும் சேர்ந்து, ரத்தக் குழாயில் ஏற்கனவே படிந்திருக்கும் கொழுப்புத் திட்டைக் கிழித்து உறைகட்டியை உண்டாக்குகின்றன என்பது விளக்கம். 2021இல் வெளியான ஐ.ஏ.எம்.ஐ. பரிசோதனையில், பெரும்பாலும் மாரடைப்பு வந்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களை எடுத்துக்கொண்டு, அந்தச் சில நாட்களிலேயே பாதிப் பேருக்கு ஃப்ளூ ஊசியும் மீதிப் பேருக்கு உப்புநீரும் போட்டார்கள். ஓராண்டுக்குள் இறப்பு, மறு மாரடைப்பு, ஸ்டென்ட் அடைப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தவர்கள் உப்புநீர்ப் பிரிவில் 7.2 சதவீதம், ஊசிப் பிரிவில் 5.3 சதவீதம். இதய நோயாளி ஒருவர் இந்த ஊசியைத் தள்ளிப்போடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. மாத்திரைப் பட்டியலில் பல மருந்துகளுக்கு இல்லாத பலன் இது.

எங்கே தடுமாறுகிறது

எச்3என்2தான் இதன் தீராத தலைவலி. மற்ற இரண்டைவிட வேகமாக உருமாறுகிறது. போதாததற்கு, முட்டையில் வளரும்போதே அது முட்டைக்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொள்கிறது. பறவையின் உயிரணுவில் ஒட்ட வசதியாக ஹீமாக்ளுட்டினினில் ஓரிரு இடங்கள் மாறும். சில ஆண்டுகளில் அந்த மாற்றம், ஆன்டிபாடி (வைரஸை எதிர்க்க உடல் தயாரிக்கும் புரதம்) பற்ற வேண்டிய இடத்திலேயே விழுந்துவிடுகிறது. அப்போது வைரஸைச் சரியாகவே தேர்ந்தெடுத்திருந்தாலும், சிரிஞ்சில் இருப்பது அதன் சற்றே பிசகிய நகல். உடல் அந்த நகலுக்கு எதிராகப் பழகுகிறது.

பாதுகாப்பு நீடிக்கும் காலமும் குறைவு. ஆன்டிபாடி உருவாக இரண்டு வாரம். பிறகு மாதாமாதம் தேய்ந்துகொண்டே போகும். முதியவர்களிடம் தேய்மானம் வேகம். பருவம் தொடங்கப் பல மாதங்கள் இருக்கும்போதே போட்டுக்கொண்டால், உச்சத்தில் பாதுகாப்பு பலவீனமாக இருக்கும். மிகவும் தாமதித்தால் அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே தொற்றிக்கொள்ளும். உங்கள் பகுதியில் ஃப்ளூ தலைகாட்டும் மாதத்துக்கு ஒரு மாதம் முன்பு என்பது நல்ல கணக்கு. ஆண்டு முழுவதும் பரவும் வெப்பமண்டலப் பகுதிகளில், உங்கள் நாட்டின் சுகாதாரத் துறை பரிந்துரைக்கும் அரைக்கோளத்தின் புதிய தயாரிப்பு வந்ததும் போட்டுக்கொள்ளுங்கள். பருவம் பாதி கழிந்துவிட்டதே என்று விட்டுவிட வேண்டாம். வைரஸ் சுற்றிக்கொண்டிருக்கும் வரை பலன் உண்டு.

இன்னொரு சங்கடமான உண்மை: சில பருவங்களில், முந்தைய ஆண்டும் போட்டவர்களுக்கு இந்த ஆண்டு ஊசியின் பலன் சற்றுக் குறைவாக இருந்திருக்கிறது. பழைய வைரஸை நினைவில் வைத்திருக்கும் உடல், புதியதற்கும் பழைய பதிலையே தருவது காரணமாக இருக்கலாம். அப்படியும் இந்த ஆண்டு போட்டவர்களின் நிலை, போடாதவர்களைவிட மேலாகவே இருந்தது. எனவே ‘ஓராண்டு விட்டு ஓராண்டு’ என்ற யோசனை சரிப்படாது.

எந்த வகையைக் கேட்பது

முட்டை வழி வந்த 15 மைக்ரோகிராம் ஊசிதான் எங்கும் கிடைப்பது. முட்டைக்குப் பதில் பாலூட்டி உயிரணுவில் வளர்த்த ஊசியில் மேலே சொன்ன நகல் பிசகு இல்லை. ரீகாம்பினன்ட் ஊசியில் வைரஸையே வளர்ப்பதில்லை. புரதத்தை மட்டும் தயாரித்து, வகைக்கு 45 மைக்ரோகிராம் வைக்கிறார்கள். 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த பரிசோதனையில் அது வழக்கமான ஊசியைவிட 30 சதவீதம் குறைவான ஃப்ளூவைக் காட்டியது.

முதியவர்களுக்கான தனித் தயாரிப்புகள் இரண்டு. ஒன்று ஹை-டோஸ்: வகைக்கு 60 மைக்ரோகிராம், அதாவது நான்கு மடங்கு. 65 வயதுக்கு மேற்பட்ட சுமார் 32,000 பேரிடம் நடந்த பரிசோதனையில் வழக்கமான ஊசியைவிட 24 சதவீதம் கூடுதல் பாதுகாப்பு கிடைத்தது. மற்றொன்று ஸ்குவாலின் எண்ணெய்க் குழம்பு சேர்த்தது. அளவைக் கூட்டாமல் உடலின் எதிர்வினையைக் கூட்டுவது. இரண்டிலும் கைவலி கூடுதலாக இருக்கும். 65ஐக் கடந்தவர் கேட்டு வாங்க வேண்டியவை ஹை-டோஸ், எண்ணெய்க் குழம்பு, ரீகாம்பினன்ட் இவற்றில் ஏதாவது ஒன்று. ஆனால் அவை கிடைக்கவில்லை என்று காத்திருப்பது தவறு. கிடைப்பதைப் போட்டுக்கொள்வதே மேல்.

மூக்கில் பீய்ச்சும் வகை 2 வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு வசதி. ஒவ்வொரு நாசியிலும் 0.1 மி.லி. இதில் இருப்பது பலவீனப்படுத்திய உயிருள்ள வைரஸ். மூக்கின் குளிர்ச்சியில் வளரும், நுரையீரலின் வெப்பத்தில் வளராது. கர்ப்பிணிகளுக்கும், எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும், ஆஸ்பிரின் தொடர்ந்து எடுக்கும் குழந்தைகளுக்கும், இழுப்பு வரும் 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்கும் இது கூடாது. ஃப்ளூவுக்குத் தரப்படும் ஓசெல்டாமிவிர் மாத்திரை எடுத்து 48 மணி நேரம் ஆகாதவருக்கும் பயன்படாது. மாத்திரை அந்த வைரஸையே அடக்கிவிடும்.

முதன்முறை போடும் 6 மாதம் முதல் 8 வயது வரையான குழந்தைகளுக்குக் குறைந்தது 4 வாரம் இடைவெளி விட்டு இரண்டு டோஸ் வேண்டும். பெற்றோர் அதிகம் தவறவிடுவது இரண்டாவது டோஸைத்தான். இந்த வைரஸை இதுவரை பார்த்திராத உடலுக்கு முதல் டோஸ் அறிமுகம் மட்டுமே. 6 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த ஃப்ளூ ஊசியும் கிடையாது. அதற்குள்ள முக்கிய வழி தாய் கர்ப்பக் காலத்தில் போட்டுக்கொள்வது. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய்ச் சேர்ந்து முதல் சில மாதங்களைக் காக்கிறது.

போடும் இடத்தில் பார்க்க வேண்டியவை

நல்ல மருந்து கெட்ட கையில் வீணாகும். முதலில் ஃப்ரிட்ஜ். 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். பலரும் வெப்பத்துக்குத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் ஒருமுறை உறைந்துபோன ஊசி குப்பைக்குத்தான் போக வேண்டும், உருக்கிப் பயன்படுத்தக்கூடாது. பார்த்தால் வித்தியாசம் தெரியாது என்பதுதான் சிக்கல். உறைபெட்டியை உள்ளேயே கொண்ட சிறிய ஒற்றைக்கதவு ஃப்ரிட்ஜில், மருந்து அந்தப் பெட்டியை ஒட்டி இருந்தால் இது நடக்கும். மருந்துக்கடையில் வாங்கி வேறு இடத்தில் போடுவதாக இருந்தால், ஐஸ் கட்டியின் மேல் நேராக வைத்துத் தராமல் இடையே துணியோ அட்டையோ வைத்துத் தரச் சொல்லுங்கள்.

அடுத்து, பெட்டியில் எந்தப் பருவத்துக்கான தயாரிப்பு என்று பாருங்கள். காலாவதித் தேதி முடியாமல் இருக்கும்போதே அடுத்த பருவத் தயாரிப்பு வந்திருக்கும். பழைய சரக்கைத் தள்ளிவிடும் கடைகள் உண்டு. தேதி சரி என்பதும் வைரஸ் வகை சரி என்பதும் ஒன்றல்ல. சிறு குழந்தைகளுக்கு 0.25 மி.லி.யா 0.5 மி.லி.யா என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், உள்தாளில் அது இருக்கும்.

போடும் இடம்: பெரியவர்களுக்கு மேல்கையின் டெல்டாய்டு தசை, ஒரு வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடையின் வெளிப்பக்கம். தோள் எலும்பின் நுனியிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே, 90 டிகிரி கோணத்தில், பெரும்பாலான பெரியவர்களுக்கு 25 மி.மீ. ஊசி. அதற்கு மேலே குத்தினால் மருந்து தசைக்குப் பதிலாக மூட்டைச் சுற்றியுள்ள திரவப் பைக்குள் போய் அழற்சியை உண்டாக்கும்; கையைத் தூக்க முடியாத வலி மாதக்கணக்கில் நீடிக்கலாம். மருந்தின் குற்றமல்ல, குத்திய உயரத்தின் குற்றம். நீங்கள் உட்கார்ந்திருக்க, போடுபவர் நின்றுகொண்டே குத்தினால் இந்தத் தவறு எளிதில் நேரும். இருவரும் ஒரே உயரத்தில் இருப்பது நல்லது. சட்டைக் கழுத்தை இழுத்துத் தோளின் உச்சியை மட்டும் காட்டாதீர்கள்; கை முழுவதும் தெரியும்படி சட்டையைக் கழற்றுங்கள். கை சாதாரணமாக ஓரிரு நாள் வலிக்கும். போட்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கிய தோள்வலி ஒரு வாரம் தாண்டியும் கையைத் தூக்க விடாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள்: மெல்லிய ஊசி, போட்டபின் தேய்க்காமல் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தல், அவ்வளவுதான் வேறுபாடு. எல்லாரும் 15 நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இது பெரும்பாலும் மயக்கம் போட்டு விழுவதைத் தடுக்கவே. கடும் ஒவ்வாமை பத்து லட்சம் டோஸுக்கு ஒன்று என்ற அளவில்தான் வரும், ஆனாலும் அதற்கு உடனே போட வேண்டிய அட்ரினலின் கைவசம் இல்லாத இடத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

பக்கவிளைவுகள்

கைவலி, சிவப்பு, சிலருக்கு ஒருநாள் லேசான காய்ச்சல், உடல்வலி, தலைவலி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு உப்புநீர் ஊசியோடு ஒப்பிட்டு, யாருக்கு எது என்று தெரியாமல் போட்டுப் பார்த்த பரிசோதனைகளில், தெளிவாகக் கூடுதலாக இருந்தது கைவலி மட்டுமே. ‘போட்ட மறுநாளே ஜுரம்’ என்பவர்களில் பலர், ஊசி போடும் முன்பே வேறு வைரஸைப் பிடித்திருந்தவர்கள். ஊசி போடும் காலமே அந்த வைரஸ்களும் சுற்றும் காலம். வலிக்கு முன்னெச்சரிக்கையாகப் பாராசிட்டமால் வேண்டாம், வலி வந்தபின் எடுக்கலாம்.

கவலைக்குரியது கில்லன்-பாரே நோய்: நரம்புகளை உடலே தாக்கும் பலவீனம், காலில் தொடங்கி மேலேறும். 1976இல் அமெரிக்காவில் பன்றிக் காய்ச்சலுக்குப் போட்ட ஊசியில் லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் இது கூடுதலாக வந்தது. இப்போதைய பருவகால ஊசிகளில், கூடுதல் ஆபத்து இருக்குமானால் அது பத்து லட்சத்துக்கு ஒன்று இரண்டு. ஃப்ளூ நோயே இதைவிட அதிகமாக இந்தக் கோளாறைக் கொண்டுவருகிறது. ஆனாலும் முன்பு ஃப்ளூ ஊசி போட்டு ஆறு வாரத்துக்குள் இது வந்தவர்கள், மருத்துவரோடு பேசாமல் மறுபடி போடக்கூடாது. 2010இல் ஆஸ்திரேலியாவில் ஒரு தயாரிப்பு, சிறு குழந்தைகளுக்குக் காய்ச்சல் வலிப்பை அதிகமாக உண்டாக்கி, அந்த வயதினருக்கு நிறுத்தப்பட்டது. தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபாடு உண்டு என்பதை மறக்கக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

முட்டை ஒவ்வாமை இப்போது தடையல்ல. தனிக் கண்காணிப்பும் தேவையில்லை என்று தடுப்பூசிகளுக்கான அமெரிக்க ஆலோசனைக் குழு 2023இல் சொன்னது. தடை என்பது முந்தைய ஃப்ளூ ஊசிக்கே கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கு. லேசான சளி இருந்தால் போடலாம்; நல்ல காய்ச்சல் இருந்தால் அது இறங்கிய பிறகு.

போட்டுக்கொண்டும் திடீர்க் காய்ச்சலும் உடல்வலியும் வந்தால், ‘நமக்குத்தான் ஊசி போட்டாயிற்றே’ என்று காத்திருப்பது ஆபத்தானது. மேலே சொன்ன ஆபத்துப் பிரிவினர் 48 மணி நேரத்துக்குள் மருத்துவரைப் பார்த்தால், ஓசெல்டாமிவிர் போன்ற மருந்து நல்ல பலன் தரும். கிளம்பும் முன் அட்டையில் தயாரிப்பின் பெயர், தொகுதி எண், தேதி, எந்தக் கை என்ற நான்கையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது கோளாறு என்றால் முதலில் கேட்கப்படுவது அந்தத் தொகுதி எண்தான்.